ஹெல்மெட் அறைக்காரர்

அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் பிறகுதான். ஆகையால் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சோடித்து எழுத வராது.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பெடியங்கள் அவரை ‘முசியே காஸ்க்’ என்பார்கள். இங்கத்தைப் பிரெஞ்சில் ஹெல்மெட்டுக்குக் காஸ்க் என்று பேர். ஹெல்மெட் ஐயா என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அண்ணை என்று கூப்பிட்டேன். மன்னார்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. அதற்கு மேல் அவரைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது எதுவும் இல்லை.

மொன்ட்ரியாலின் வடகிழக்கில் ஒரு கல்லூரி. பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் பிள்ளைகள் இரண்டு வருஷம் படிக்கிற இடம். நான் அங்கே துப்புரவு வேலை. என் மகன் அங்கே மாணவன். அந்த வருஷம் முதன்முதலாக அவர்கள் ஒரு ஃபுட்போல் அணி சேர்த்தார்கள். நம்மவர்கள் நினைக்கிற உதைபந்து இல்லை. முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவன் ஓடுவான். எதிர் அணி அவனை இடித்து விழுத்த வேண்டும். ஓடுகிற அந்த ஒருவன் என் மகன். கோயிலில் கண்டவர்கள் மகன் எத்தனை கோல் அடித்தான் என்று கேட்பார்கள். விளங்கப்படுத்திக் களைத்து, கடைசியில் இரண்டு என்று சொல்லிவிடுவேன்.

உண்மையில் ஒன்றும் இல்லை. அந்த வருஷம் நாங்கள் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றோம்.

உடற்பயிற்சி மண்டபத்துக்குக் கீழே நிலவறையில் அவருடைய அறை. நடுவில் கம்பிக்கூடு. கூட்டுக்குள் தட்டுகளில் ஹெல்மெட்டுகள், தோள் கவசங்கள். கூட்டுக்கு வெளியே சுவர் நீளம் கொளுக்கிகள், ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். பயிற்சி முடிந்து வருகிறவன் தன் இலக்கத்தில் தன் ஹெல்மெட்டைக் கொழுவிவிட்டுப் போக வேண்டும். பிறகு அவர் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே விரல் விட்டுத் தடவுவார். காற்றுப்பை இறங்கியிருக்கிறதா, ஆணி கழன்றிருக்கிறதா, நாடி வார் அறுந்திருக்கிறதா. முப்பத்தொன்பது ஹெல்மெட். இரண்டு மணித்தியாலம். ரேடியோ கூடப் போட மாட்டார்.

அவரிடம் ஒரு சொல்தான் இருந்தது. இல்லை. பிரெஞ்சுக்காரனுக்கு ‘நோன்’. காரணம் கேட்டால் சொல்ல மாட்டார். இன்னொரு முறை கேட்டால் இன்னொரு முறை அதே சொல். குரல் கூடாது, குறையாது.

முதல் நாள் நான் கோப்பிக் கோப்பையை அவருடைய மேசையில் வைத்தேன். இல்லை என்றார். எடுத்தேன். எங்கள் சங்கத்துக்காரர் வரப்போகிற பொங்கல் விழாவில் சின்னப் பிள்ளைகளுக்கு வேஷம் போட ஆறு ஹெல்மெட் இரவல் கேட்டு வந்தார்கள். தமிழன்தானே, தருவார் என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இல்லை. சங்கத் தலைவர் பகிடிபோலக் கேட்டார்.

“என்ன அண்ணை, உங்கட வீட்டுச் சொத்தே?”

அவர் திருகாணி முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. படியேறும்போது தலைவர் என்னிடம் சொன்னார்: “இந்த ஆளுக்குக் கலியாண வீட்டில சோறு போட்டாலும் இல்லை எண்டுதான் சொல்லுவான்.” நானும் சிரித்தேன்.

நாலாவது தோல்விக்குப் பிறகு பயிற்சியாளர் ஒரு பெட்டி ஸ்டிக்கர் கொண்டுவந்தார். மின்னல் படம். எல்லா ஹெல்மெட்டிலும் ஒட்டினால் பெடியங்களுக்கு உற்சாகம் வருமாம். பயிற்சியாளர் பெரிய உருவம், பெரிய குரல். முன்பு எங்கேயோ பெயரெடுத்த ஆட்டக்காரர். அவருக்கும் நோன்தான். பசை ஹெல்மெட்டின் பிளாஸ்டிக்கைப் பழுதாக்கும் என்று பிறகு பெட்டியிலேயே எழுதியிருக்கக் கண்டேன். அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் பயிற்சியாளர் கதவில் காலால் உதைத்திருக்க மாட்டார். சொல்லவில்லை. அந்த உதையின் அடையாளத்தை மூன்று நாள் தேய்த்தும் என்னால் எடுக்க முடியவில்லை.

இதை எழுதும்போது இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. ஒருநாள் மண்டபத்தில் நான் ஏணியில் நின்று விளக்கு மாற்றினேன். உயரமான ஏணி. கூட வர வேண்டியவன் வரவில்லை. கீழே பார்த்தேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேட்கவில்லை. பன்னிரண்டு விளக்கு மாற்றி முடியும்வரை பிடித்தபடி நின்றார். இறங்கி நன்றி சொல்லத் திரும்பினால் ஆள் இல்லை.

என் மகனுக்கு முதலில் ஹெல்மெட் அளந்த அன்றும் நான் பக்கத்தில் நின்றேன். தலையில் மாட்டி, முகக்கம்பியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். ஹெல்மெட் ஆடினால் நெற்றித் தோலும் சேர்ந்து ஆட வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் ஆடினால் அது அளவில்லை. மூன்று முறை கன்னப் பஞ்சை மாற்றினார். மகன் முகம் சுளித்தான்.

“நோகுது அங்கிள்.”

“நோகட்டும். ரெண்டு நாளில பழகும். ஆடத்தான் கூடாது.”

அரை மணித்தியாலம். கடைசியில் தன் கட்டைவிரலால் அவனுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். டொக்டர் காய்ச்சல் பார்ப்பதுபோல. மகனுடைய இலக்கம் இருபத்தெட்டு.

தோற்கிற அணிக்கு ஒரு குணம் வரும். புரட்டாதி மாதம் எல்லாரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டினார்கள். ஐப்பசியில் குற்றவாளி தேடினார்கள். பந்து எறிகிறவன் சரியில்லை, நடுவர் சரியில்லை, புல் சரியில்லை. காயத்தாலும் வெட்கத்தாலும் ஆட்கள் கழன்றார்கள். முப்பத்தொன்பது பேர் இருபத்தாறு ஆனார்கள். சுவரில் வெறுங் கொளுக்கிகள் கூடின. அவர் வெறும் ஹெல்மெட்டுகளையும் எடுத்துத் தடவினார். பயிற்சியாளருக்கு ஆள் போதவில்லை. ஆள் போதாத பயிற்சியாளர் நொண்டியையும் ஓட விடுவான். இதை அப்போது நான் நினைக்கவில்லை.

கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் மகனை இரண்டு பேர் இரண்டு பக்கத்தாலும் இடித்தார்கள். விழுந்தான். எழும்பினான். பிழையான பக்கத்து வாங்கில், எதிர் அணிக்காரரோடு, போய் இருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அடுத்த சனிக்கிழமை கடைசி ஆட்டம். அதற்கு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது, என் மகனைப் பார்க்க. பிடித்துக்கொண்டால் அந்த அணியில் இடம், படிப்பும் அங்கேயே. நான் வாளியும் தும்புத்தடியுமாகப் பதினாறு வருஷம். எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எழுதத் தேவையில்லை.

அணிக்கு ஒரு சின்ன டொக்டர் பெண் கிழமையில் இரண்டு நாள் வருவாள். தலையில் அடிபட்டவனுக்குக் கேள்வி கேட்டுச் சோதிப்பாள். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும், அவள் சொல்லும் ஐந்து சொல்லை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும், இப்படி. மகன் அதை முன்கூட்டியே பாடமாக்கிக்கொண்டு போனான். சோதனையில் சித்தியடைந்தான். ஆடலாம் என்று அவள் கடுதாசி கொடுத்தாள்.

வியாழக்கிழமை மகன் வந்து சொன்னான், முசியே காஸ்க் தன்னுடைய ஹெல்மெட்டைக் கம்பிக்கூட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார், தர மாட்டாராம். பயிற்சியாளர் கத்திப் பார்த்தாராம். நோன்தானாம். ஹெல்மெட் இல்லாமல் நடுவர் யாரையும் இறங்க விடார். இன்னொரு ஹெல்மெட்டை அளந்து பொருத்தவும் அவரை விட்டால் ஆள் இல்லை.

நான் கீழே போனேன்.

“அண்ணை, டொக்டர் கடுதாசி குடுத்திட்டா.”

“கண்டன்.”

“பேந்தென்ன?”

“இல்லை.”

“சனிக்கிழமை யூனிவர்சிட்டியால ஆள் வருகுது. பெடியன்ர வாழ்க்கை அண்ணை.”

“இல்லை எண்டனான்.”

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “உங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்தாத் தெரியும்.”

அவர் திருகாணியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த ஹெல்மெட்டை எடுத்தார்.

படியேறும்போது எனக்கு எல்லாம் விளங்கியதுபோல் இருந்தது. அந்த ஆளுக்கு எரிச்சல், பொறாமை. வெள்ளைக்காரன் கூட விடுகிறான், நம்மவன்தான் காலைப் பிடித்து இழுக்கிறான். நம்முடைய பிள்ளை ஒன்று மேலே போனால் நம்முடைய ஆளுக்கே பொறுக்காது. கோயில் வாசலிலும் கடையிலும் பஸ்ஸிலும் இதைத்தான் நாங்கள் கதைப்போம். நானே எத்தனை பேரைப் பற்றிக் கதைத்திருப்பேன். அன்றைக்கு அது என் வீட்டுக்கே வந்துவிட்டது என்று நம்பினேன். இதைவிட மோசமான ஒரு பிழையை நான் வாழ்க்கையில் விட்டதில்லை.

சனிக்கிழமை காலை அவர் தண்ணீர்ப் பீப்பாய்களோடு மைதானத்துக்குப் போய்விட்டார். நான் வேலைக்கு வந்திருந்தேன். மகன் நடைபாதையில் நின்றான்.

“அப்பா, உங்களிட்டத் திறப்பு இருக்குத்தானே.”

இருந்தது. துப்புரவுக்காரனிடம் எல்லாக் கதவின் திறப்பும் இருக்கும். போய்த் திறந்தேன். மேல் தட்டில் ஒரு துவாயில் சுற்றி வைத்திருந்தார். துடைத்துப் பளபளவென்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கூட்டைத் திரும்பப் பூட்டவும் மறந்தேன்.

நல்ல குளிர். இரும்பு வாங்கில் மனைவியும் நானும் இருந்தோம். அவள் வெள்ளித்தாளில் ரோல்ஸ் சுற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்த கியூபெக்காரப் பெற்றோருக்கும் கொடுத்தாள். அன்றைக்குப் புதினமாக நாங்கள் பெரிதாகப் பின்னால் போகவில்லை. பாதி ஆட்டம் முடிய ஐந்து புள்ளிதான் வித்தியாசம். வாங்குகள் எல்லாம் எழும்பி நின்றன. அதுவரை உடைமாற்றும் அறையில் இருந்த மகனைப் பயிற்சியாளர் இறக்கினார்.

முதல் ஓட்டம். இரண்டு பேர் பிடித்து விழுத்தினார்கள். மெல்ல எழும்பினான்.

இரண்டாவது ஓட்டம். பந்தைக் கட்டிக்கொண்டு இடது பக்கத்தால் புகுந்தான். ஒருவன் தோளில் இடித்தான், விழவில்லை. ஓடினான். கோட்டைத் தாண்டினான். ஆறு புள்ளி. அந்த வருஷம் முதன்முறையாக நாங்கள் முன்னால். நான் கத்திய கத்தில் மனைவி காதைப் பொத்தினாள்.

அப்போதுதான் மைதானத்தில் மஞ்சள் துணி கிடக்கக் கண்டேன். நடுவர் எறிந்தது. ஏதோ குற்றம். பார்த்தால், ஓட்டம் முடியுமுன்னே முசியே காஸ்க் கோட்டுக்குள் இறங்கி நடந்து வந்திருக்கிறார். கையில் காற்றடிக்கிற சின்னப் பம்பு. ஓடவில்லை. நடந்தார். நடுவர் விசில் அடித்தார், பயிற்சியாளர் கத்தினார், அவர் நிற்கவில்லை. பெடியங்கள் சந்தோஷத்தில் மகனுடைய ஹெல்மெட்டில் மாறி மாறி அடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை விலக்கினார். மகனுடைய முகக்கம்பியைப் பிடித்தார். அப்படியே நடத்தி வெளியே கொண்டுவந்தார். அவன் திமிறவில்லை. பேசாமல் கூட வந்தான். அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

வெளியாள் உள்ளே வந்தபடியால் ஆறு புள்ளியும் செல்லாது. பிறகு எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்து புள்ளியால் தோற்றோம். வாங்குகளில் இருந்த எல்லாரும் அவரைத் திட்டினார்கள், பிரெஞ்சில், இங்கிலீஷில். தமிழில் திட்டியது நான் ஒருவன்தான்.

“நாசமாப் போவாய். உனக்குக் கொள்ளி வைக்கவும் ஆள் இராது.”

அத்தனை கூச்சலிலும் அவருக்கு அது கேட்டது. திரும்பி வாங்குகளைப் பார்த்தார். என்னைக் கண்டுபிடித்தார். என் இடுப்பில் தொங்கிய திறப்புக் கோர்வையையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

காரில் வீட்டுக்குப் போகிறோம். நான் இன்னும் திட்டிக்கொண்டிருந்தேன். பின்சீட்டிலிருந்து மகன் கேட்டான்:

“அப்பா, மட்ச் எத்தினை மணிக்கு?”

நான் காரை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினேன்.

முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி என்று டொக்டர் சொன்னார். மூன்றாவதும் விழுந்திருந்தால் என்று தொடங்கினார். மனைவி கையை உயர்த்தி நிற்பாட்டினாள். அதற்குப் பிறகு அவன் ஆறு மாதம் திரைச்சீலை இழுத்த அறையில் கிடந்தான். ஒரு நாள் தானாகச் சொன்னான். அந்தக் கிழமை மூன்று நாளும் அவன் தன் ஹெல்மெட்டை இருபத்தெட்டில் கொழுவாமல் பக்கத்துக் கொளுக்கியில் கொழுவிவிட்டுப் போயிருக்கிறான். மூன்றாம் நாள் முசியே காஸ்க் அவனைக் கூப்பிட்டு உன்னுடைய இலக்கம் என்ன என்று கேட்டாராம். அவனுக்கு உடனே வரவில்லையாம்.

இவ்வளவுதான் காரணம். இதை அந்த ஆள் வியாழக்கிழமை என்னிடம் சொல்லியிருக்கலாம். உன் பிள்ளைக்குத் தன் நம்பர் தெரியவில்லை என்று ஒரு வரி. நான் தகப்பன். எனக்கு விளங்கியிருக்கும். இல்லை, இல்லை என்றே நின்றார். இந்த இடத்தில்தான் எனக்கு அந்த ஆளோடு இன்றைக்கும் வழக்கு. விளங்கியிருக்குமா என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

அந்த ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். நிர்வாகியின் அறையில் விசாரணை. பயிற்சியாளர் இருந்தார். வென்றிருக்க வேண்டிய ஒரே ஆட்டத்தை இந்த ஆள் கெடுத்தார் என்று அரை மணித்தியாலம் சொன்னார். என் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்ததை ஒரு வரியில் முடித்தார், கடுதாசி இருந்தது என்று. பிறகு கம்பிக்கூடு திறந்து கிடந்த விஷயம் வந்தது. நீதானே பொறுப்பு, பூட்டாமல் போனாயா என்று நிர்வாகி அவரிடம் கேட்டார்.

“பூட்டினனான்,” என்று பிரெஞ்சில் சொன்னார்.

அப்படியென்றால் யார் திறந்தது என்றார்கள். தெரியாது என்றார். அவர் கண்ணால் காணாததைச் சொல்ல மாட்டார். திறப்பு வைத்திருப்பவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நீ திறந்தாயா.

நோன் என்றேன்.

அவருடைய சொல்லை எடுத்துத்தான் பொய் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். மைதானத்துக்குள் இறங்கியதற்கும், கூட்டைப் பூட்டாமல் விட்டதற்கும். தன்னுடைய திருகாணி முறுக்கியை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். நான் நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று அந்த இடத்தைத் துடைக்கவில்லை, அன்றைக்கு அந்த இடம். சொல்ல வேண்டியது வாய்வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

“ஈரம் அண்ணை. பாத்துப் போங்கோ.”

ஓரமாகப் பார்த்துப் போனார்.

நாலு வருஷம் கழித்து அவரைக் கண்டேன். மொன்ட்ரியால்-நோரில், ஆன்றி-புராஸா தெருவில் பஸ் தரிப்பிடம். மத்தியானம், பனி சேறாகிக் கிடந்தது. வற்றிப்போயிருந்தார். கையில் மருந்துக்கடைப் பை. திரும்பிப் போகலாமா என்று பார்த்தேன். அவர் கண்டுவிட்டார்.

வேலை போனதைக் கேட்பார் என்று நின்றேன். கேட்கட்டும், நானும் கேட்கிறேன் என்று ஒரு ஆத்திரம் உள்ளே இருந்தது. அவர் கேட்டது வேறு.

“தலை எப்பிடி?”

“சுகம் அண்ணை.”

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வைக்கு முன்னால் என் பொய் நிற்கவில்லை. சொன்னேன். மகன் ரெண்டு பக்கத்துக்கு மேல் வாசிக்க மாட்டான். படிப்பை விட்டுவிட்டான். ரியூப் லைட் வெளிச்சத்தில் நிற்க ஏலாது, ஆகையால் வெளியில் வேலை, மரம் வெட்டுகிற கொம்பனி. சிலநேரம் கதைத்துக்கொண்டிருக்கும்போது சொல் வராது, அப்படியே நிற்பான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

“ஒரு பெடியன்ர ஹெல்மெட்டில காத்து இறங்கிப் போச்சு,” என்றார். “பம்பு எடுக்க வாங்குக்குப் பின்னால போனனான். திரும்பி வர, உம்மட மகன் ரெண்டாந்தரம் ஓடுறான். முதல் ஓட்டத்தில நான் அங்க நிண்டிருக்க வேணும். பிந்தீட்டன்.”

அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நாலு வருஷமாக இந்த ஆள் இதையா வைத்துக்கொண்டு திரிகிறார். என்னைத் திட்டியிருக்க வேண்டும். செவிட்டில் ஒன்று போட்டிருக்க வேண்டும்.

“கூட்டைத் திறந்தது நான் அண்ணை,” என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல. பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். “அங்க கேக்கேக்கையும் பொய் சொன்னனான். உங்களுக்கு வேலை போனது என்னால.”

“தெரியும்.”

“தெரிஞ்சு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?”

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அவர் கைப்பிடியைப் பிடித்து ஒரு காலை மேலே வைத்தார். முழங்கால் நோ போல, கொஞ்சம் நின்றுதான் மற்றக் காலைத் தூக்கினார். பிறகு திரும்பினார்.

“திறந்தது உம்மட பாடு தம்பி. பிந்தினது என்ர பாடு.”

நானும் அந்த பஸ்ஸில்தான் போக வேண்டும். சாரதி என்னைப் பார்த்தான், ஏறுகிறாயா என்று. இல்லை என்று தலையை ஆட்டினேன். கதவு பூட்டியது. அவர் ஜன்னல் பக்கம் இருக்கவில்லை, உள்பக்கமாகப் போய் நின்றார்.

நாற்பது நிமிஷம் சேற்றில் நடந்து வீட்டுக்குப் போனேன். மகன் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தான். ஏன் அப்பா நனைந்து வந்தீர்கள், பஸ் வரவில்லையா என்று கேட்டான். வந்தது என்றேன். அவன் பக்கத்தில் நிலத்தில் குந்தி, அந்தச் சனிக்கிழமை நான் எதை நினைத்துக் கூட்டைத் திறந்தேன் என்று முதன்முறையாக அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன்.